சொந்தமா சிப் செய்தால் போதுமா? ‘யு-பூட்’டில் ஒரு புது போர்டு இடம்பிடிப்பது எப்படி?

சேலத்திலிருந்து ஏற்காடு போக இரண்டு வழிகள் உண்டு. 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அடிவாரம் பாதை எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று, அயோத்தியாப்பட்டணம் வழியாகக் குப்பனூர் வந்து, அங்கிருந்து கொட்டச்சேடு பக்கமாக ஏறும் பாதை. கோடை விழா நெரிசலோ, மழையில் மண் சரிந்து பிரதான பாதை அடைபட்டதோ, எதுவானாலும் ‘குப்பனூர் வழியா போங்க’ என்பதுதான் மாற்று ஏற்பாடு. மழை வலுத்தால் அந்தப் பாதையிலும் மண் சரிவதுண்டு.

அந்தச் சரிவில் மழையளவையும் மண்ணின் ஈரத்தையும் அளந்து அனுப்பும் ஒரு பெட்டியை வைப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு. மேலே சோலார் தகடு, பக்கத்தில் பேட்டரி. நான்கு நாள் மேகமூட்டத்தில் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. ஐந்தாம் நாள் வெயில் எட்டிப் பார்த்ததும் மின்சாரம் திரும்புகிறது. இப்போது அந்தப் பெட்டி யாரும் தொடாமலேயே எழுந்து வேலையைத் தொடங்க வேண்டும். பட்டனை அழுத்த அங்கே ஆள் கிடையாது.

லினக்ஸ் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா? பார்த்துக்கொள்ளும். ஆனால், மின்சாரம் வந்த முதல் நொடியில் லினக்ஸ் எங்கோ ஒரு மெமரி கார்டில் வெறும் கோப்பாகக் கிடக்கிறது. அதைத் தேடி எடுத்து, ரேமில் ஏற்றி, ‘இனி உன் பாடு’ என்று ஒப்படைக்க ஒரு புரோகிராம் தேவை. அதன் பெயர் பூட்லோடர். சிறிய கருவிகளின் உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் பூட்லோடர்களில் ஒன்று ‘யு-பூட்’. ரவுட்டர்கள், கிண்டில், தொழிற்சாலைக் கருவிகள் எனப் பல இடங்களில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் அது.

புதிதாக ஒரு சிப்போ போர்டோ வந்தால், அதற்கு யு-பூட் தானாக வேலை செய்யாது. யாராவது உட்கார்ந்து அந்த ஆதரவை எழுதிச் சேர்க்க வேண்டும். இந்தியா சொந்தமாகச் சிப் வடிவமைக்கத் தொடங்கியிருக்கும் நேரத்தில், அதிகம் பேசப்படாத வேலை இது.

ரேமே இல்லாத நேரம்

போர்டுக்கு மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது, சிப் செய்யும்போதே உள்ளே பதிக்கப்பட்ட மிகச் சிறிய புரோகிராம். இதை பூட் ராம் என்பார்கள். அதை யாராலும் மாற்ற முடியாது. மெமரி கார்டிலிருந்தோ ஃபிளாஷிலிருந்தோ அடுத்த புரோகிராமைக் கொஞ்சம் எடுத்து ஓட்டுவதுதான் அதன் வேலை.

அந்த ‘கொஞ்சம்’ என்ற சொல்லில்தான் சிக்கல். போர்டில் 512 எம்பி ரேம் இருந்தாலும், அந்த நேரத்தில் அது செத்த பாம்பு. அதை உயிர்ப்பிக்கும் அமைப்புகளை இன்னும் யாரும் செய்யவில்லை. எனவே சிப்புக்குள்ளேயே இருக்கும் குட்டி நினைவகத்தில்தான் எல்லாம் நடக்க வேண்டும். கல்லூரி ஆய்வகங்களில் அதிகம் தென்படும் பீகிள்போன் பிளாக் போர்டை எடுத்துக்கொண்டால், அதன் சிப் முதல் கட்டத்தில் ஏற்றிக்கொள்ளும் புரோகிராமின் உச்ச அளவு 109 கேபி. வாட்ஸ்அப்பில் வரும் ‘குட் மார்னிங்’ படம் பல நேரம் இதைவிடப் பெரியது!

இதனால்தான் யு-பூட் தன்னை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. முதலில் வருவது ‘எஸ்பிஎல்’ என்ற குட்டி வடிவம். கடிகார வேகத்தைச் சரிசெய்வது, ரேமை எழுப்புவது, முழு யு-பூட்டை அந்த ரேமுக்குள் கொண்டுவருவது ஆகியவை அதன் பொறுப்பு. பிறகு முழு யு-பூட் லினக்ஸ் கெர்னலை ஏற்றுகிறது. கூடவே, இந்த போர்டில் என்னென்ன கருவிகள் எந்தெந்த முகவரியில் இருக்கின்றன என்று சொல்லும் ‘டிவைஸ் ட்ரீ’ என்ற விவரப் பட்டியலையும் கெர்னலின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மொத்தமே சில நொடிகள்தான். வேலை ஒழுங்காக நடந்தால் அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

பெயர் வந்த கதை

யு-பூட்டின் தொடக்கம், மேக்னஸ் டாம் என்பவர் பவர்பிசி வகையைச் சேர்ந்த 8எக்ஸ்எக்ஸ் சிப்புகளுக்காக எழுதிய ‘8எக்ஸ்எக்ஸ்ராம்’ என்ற புரோகிராம். 1999இல் ஜெர்மனியைச் சேர்ந்த வோல்ஃப்காங் டெங்க் அதை சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்துக்குக் கொண்டுபோனபோது ஒரு வேடிக்கையான தடை. எண்ணில் தொடங்கும் பெயர்களை அந்தத் தளம் ஏற்கவில்லை. அதனால் ‘பிபிசிபூட்’ என்று பெயர் மாறியது. ஏஆர்எம், எக்ஸ்86 போன்ற மற்ற சிப்புகளுக்கும் விரிந்த பிறகு, பவர்பிசியைக் குறிக்கும் பெயர் பொருந்தவில்லை. 2002 நவம்பரில் அது ‘தாஸ் யு-பூட்’ ஆனது. ஜெர்மன் மொழியில் யு-பூட் என்றால் நீர்மூழ்கிக் கப்பல். கண்ணில் படாமல் அடியில் ஓடும் மென்பொருளுக்குப் பொருத்தமான பெயர்தான்.

டெங்க் 2022 அக்டோபரில் காலமானார். அவருக்கு அடுத்து 2012 முதல் தலைமைப் பராமரிப்பாளராக இருப்பவர் டாம் ரினி. மூன்று மாதங்களுக்கு ஒரு முறை புதிய பதிப்பு வருகிறது. பெயரே தேதிதான்: 2024.01, 2024.04, 2024.07 என்று போகும். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட போர்டு அமைப்புகள் அதில் இடம்பெற்றுள்ளன.

முதல் எழுத்து வரும்வரை

சரி, உங்கள் கையில் புத்தம் புது போர்டு ஒன்று இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

அனுபவசாலிகள் வெற்றுத் தாளிலிருந்து தொடங்குவதில்லை. அதே சிப்போ, அதன் அண்ணன் தம்பி சிப்போ கொண்ட போர்டு ஒன்று ஏற்கெனவே யு-பூட்டில் இருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த போர்டின் அமைப்புக் கோப்பு, போர்டுக்கான கோப்புறை, டிவைஸ் ட்ரீ ஆகியவற்றைப் பிரதி எடுத்து, தங்கள் போர்டில் எது வேறுபடுகிறதோ அதை மட்டும் மாற்றுவார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓப்பன் சோர்ஸ் என்பதே அதற்குத்தானே.

சிப்பே புதிது என்றால் கதை வேறு. முதல் இலக்கு மிக எளிமையானது: சீரியல் போர்ட் வழியாக ஓர் எழுத்து வெளியே வர வேண்டும். திரை, யுஎஸ்பி, நெட்வொர்க் எதுவும் இல்லாத அந்தக் கட்டத்தில் போர்டு பேசுவதற்கு இருக்கும் ஒரே வாய் அதுதான். மூன்று ஒயர்களை லேப்டாப்பில் இணைத்து, 115200 வேகத்தில் காத்திருப்பார்கள். ஒன்றும் வராமல் போகலாம். அல்லது புரியாத கிறுக்கல் எழுத்துகள் வரலாம். கிறுக்கல் வந்தால் பொறியாளருக்கு மகிழ்ச்சி! புரோகிராம் ஓடுகிறது, கடிகாரக் கணக்கு மட்டும்தான் தப்பு என்று அர்த்தம். ஒன்றுமே வராத போர்டுதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

இந்த நேரத்துக்கென்றே யு-பூட்டில் ‘டீபக் யுஆர்ட்’ என்ற வசதி இருக்கிறது. மற்ற எந்த அமைப்பும் எழுவதற்கு முன்பே, சீரியல் போர்ட்டின் ரெஜிஸ்டரில் நேரடியாக எழுத்தைப் போடும் வழி அது. எந்த வரிவரை புரோகிராம் உயிரோடு இருந்தது என்று அடையாளம் காண, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்தை அச்சிடுவார்கள். இருட்டில் சுவரைத் தடவித் தடவி நடப்பது போன்ற வேலை.

ரேம் எழுப்புவதுதான் மலையேற்றம்

எழுத்து வந்துவிட்டது. அடுத்தது ரேம். புது போர்டுகளில் நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் நேரத்தை விழுங்குவது இதுதான்.

டிடிஆர் ரேமில் தரவு செல்லும் நேரம் நானோ நொடிக்கும் கீழே. சிப்புக்கும் ரேமுக்கும் இடையே போர்டில் ஓடும் செம்புத் தடங்களின் நீளம் சில மில்லிமீட்டர் மாறினாலும், சிக்னல் வந்துசேரும் நேரம் மாறும். அதற்கேற்ப டஜன்கணக்கான எண்களை ரேம் கன்ட்ரோலருக்குச் சொல்ல வேண்டும். சில சிப்புகள் தாங்களே சோதித்துச் சரியான எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்ளும். சிலவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் விரிதாளில் மதிப்புகளைப் போட்டுப் பார்த்து எடுக்க வேண்டும்.

எண்கள் முழுக்கத் தப்பாக இருந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். ஏறத்தாழச் சரியாக இருப்பதுதான் ஆபத்து. சேலத்தில் ஏசி அறை மேசையில் மாதக்கணக்கில் ஓடிய போர்டு, சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் சூடேறும்போதோ, மலைமேல் மார்கழிக் குளிரில் நடுங்கும்போதோ திடீரென்று நின்றுபோகலாம். வெப்பம் மாறினால் சிக்னலின் நேரமும் நகரும். விளிம்பில் நின்ற எண் அப்போது கீழே விழுந்துவிடும். நிபுணர்கள் ரேம் சோதனையை மணிக்கணக்கில், வெவ்வேறு வெப்பநிலைகளில் ஓட்டுவது இதற்காகத்தான்.

யு-பூட் எழும்போது ரேமின் அளவைச் சொல்லும் ஒரு வரி வரும். அந்த வரியிலேயே உறைந்து நின்றுபோன போர்டுகள் ஏராளம். காரணம், ரேம் தெரிந்ததும் யு-பூட் தன்னைத்தானே பிரதி எடுத்து ரேமின் உச்சிக்குக் குடிபெயர்கிறது. ரேம் 512 எம்பி இருக்கும் இடத்தில் 1 ஜிபி என்று தவறாகச் சொல்லியிருந்தால், இல்லாத மாடியில் குடியேறிய கதைதான்.

இதில் பீகிள்போன் செய்த ஏற்பாடு சுவாரசியமானது. பழைய வெள்ளை நிற பீகிள்போனில் டிடிஆர்2 ரேம், பிளாக்கில் டிடிஆர்3. இரண்டுக்கும் தனித்தனி யு-பூட் வேண்டாம் என்று, போர்டிலேயே ஒரு சின்ன ஈஈபிராம் சிப்பில் அதன் பெயரை எழுதிவைத்தார்கள். எஸ்பிஎல் முதலில் அதைப் படித்து, ‘ஓகோ, நீ பிளாக்கா’ என்று தெரிந்துகொண்டு அதற்குரிய ரேம் எண்களை எடுக்கிறது. நல்ல யோசனை. ஆனால் இதன் மறுபக்கம், அதே வடிவமைப்பைப் பின்பற்றித் தாங்களே போர்டு செய்தவர்கள் அந்தப் பெயரை எழுத மறந்தால், பழுதே இல்லாத போர்டு எழாமல் கிடக்கும். பெயர் இல்லாததால் நின்ற போர்டை, சாலிடரிங் கோளாறு என்று நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு.

ரேம் எழுந்துவிட்டால் மற்றவை ஒப்பீட்டளவில் சமதளம். மெமரி கார்டு, ஃபிளாஷ், ஈதர்நெட் எல்லாவற்றுக்கும் டிரைவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். டிவைஸ் ட்ரீயில் சரியான முகவரியையும் பெயரையும் சொன்னால் போதும். 2024 முதல் லினக்ஸ் கெர்னலில் இருக்கும் டிவைஸ் ட்ரீயை அப்படியே யு-பூட்டிலும் பயன்படுத்தும் வழி வந்துவிட்டதால், ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் எழுதும் தொல்லையும் குறைந்திருக்கிறது.

இங்கேயும் ஒரு ‘குப்பனூர் வழி’

போர்டு எழுந்துவிட்டது, லினக்ஸ் வந்துவிட்டது, அப்போ வேலை முடிந்ததா? மேசையில் இருக்கும் போர்டுக்கு முடிந்தது. மலைச்சரிவில் நிற்கப்போகும் பெட்டிக்கு இல்லை.

ஆறு மாதம் கழித்து அந்தப் பெட்டிக்குத் தொலைவிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் அனுப்புகிறீர்கள். பாதி எழுதும்போது மின்சாரம் போகிறது. புதிய கெர்னல் அரைகுறை. அடுத்த முறை எழும்போது லினக்ஸ் நொறுங்குகிறது, ரீசெட் ஆகிறது, மறுபடியும் நொறுங்குகிறது. விடிய விடிய இதே. மழை கொட்டும் இரவில் தரவு வர வேண்டிய பெட்டி, செங்கல் ஆகிவிடுகிறது.

யு-பூட்டில் இதற்கு எளிமையான ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு முறை எழும்போதும் ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும். லினக்ஸ் நல்லபடியாக எழுந்தால், ‘நான் வந்துவிட்டேன்’ என்று அந்த எண்ணைச் சுழியமாக்கும். குறிப்பிட்ட வரம்பைத் தாண்டியும் சுழியமாகவில்லை என்றால், யு-பூட் வழக்கமான கட்டளையை விட்டுவிட்டு மாற்றுக் கட்டளையை ஓட்டும். பொதுவாக அது, பழைய நல்ல கெர்னல் இருக்கும் இன்னொரு பகுதிக்குப் போகும். பிரதான பாதையில் மண் சரிந்தால் குப்பனூர் வழி என்பது போலத்தான்.

ஆனால் இந்த வசதி ஒரு புது போர்டில் சும்மா வந்துவிடாது. அந்த எண்ணை எங்கே வைப்பது? ரேமில் வைத்தால் மின்சாரம் போனதும் அழிந்துவிடும். சில சிப்புகளில் ரீசெட் ஆனாலும் அழியாத ரெஜிஸ்டர் இருக்கும். இல்லையென்றால் ஃபிளாஷில் எழுத வேண்டும், அதற்கும் எழுதும் எண்ணிக்கையில் வரம்பு உண்டு. கெர்னல் நொறுங்காமல் அப்படியே உறைந்துவிட்டால் ரீசெட் செய்ய வாட்ச்டாக் டைமர் வேண்டும், அதற்கும் டிரைவர் வேண்டும். ‘எங்கள் போர்டில் யு-பூட் ஓடுகிறது’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், அடுத்த கேள்வி இதுவாக இருக்க வேண்டும்: விழுந்தால் தானாக எழுமா?

ஊரோடு சேர்ப்பதா, தனியாக வைத்துக்கொள்வதா?

எழுதிய ஆதரவைத் தங்கள் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்வது ஒரு வழி. சந்தையில் பல சிப் நிறுவனங்கள் செய்வதும் அதுதான். ஏதோ ஒரு பழைய யு-பூட் பதிப்பை எடுத்து, அதன்மேல் தங்கள் மாற்றங்களைக் குவித்து, ‘இதோ எஸ்டிகே’ என்று கையில் கொடுத்துவிடுவார்கள். யு-பூட்டின் ஜிபிஎல் உரிமப்படி, கருவியை வாங்கியவருக்கு சோர்ஸ் கோடும் கிடைக்க வேண்டும். அது கிடைத்தாலும், பத்து வருடப் பழைய கோடு உங்களுக்கு எந்த அளவுக்கு உதவும்?

2019இல் செம்மில் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், யு-பூட்டின் நெட்வொர்க் வழி பூட் செய்யும் பகுதியில் 13 ஓட்டைகளைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். 2022இல் என்சிசி குழுமம், உடைந்து வரும் ஐபி பாக்கெட்டுகளை ஒட்டும் பகுதியில் மேலும் ஓட்டைகளைக் காட்டியது. மெயின்லைனில், அதாவது பொதுவான மூலத் தொகுப்பில், இருக்கும் போர்டுகளுக்குத் திருத்தம் அடுத்த பதிப்பிலேயே வந்துவிடும். தனிப் பிரதி வைத்திருப்பவர் ஒவ்வொரு திருத்தத்தையும் தானே தேடி எடுத்துப் பழைய கோடில் பொருத்த வேண்டும். நடைமுறையில் யாரும் செய்வதில்லை என்பதுதான் உண்மை.

ஆகவே மெயின்லைனில் சேர்ப்பதே நல்லது. அதற்கான வழி கொஞ்சம் பழைய பாணி. மாற்றங்களைச் சின்னச் சின்ன பேட்ச்களாகப் பிரித்து மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும், ‘இதை அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது’ என்று உறுதியளிக்கும் ஒரு கையொப்ப வரி இருக்க வேண்டும். பிறகு விமர்சனம் வரும். இந்த மாறிலி ஏன், இந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறதே, இரண்டு வேலைகளை ஒரே பேட்ச்சில் ஏன் கலக்கிறீர்கள் என்று கேட்பார்கள். திருத்தி இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று அனுப்ப வேண்டும். முதல் முறை அனுப்புகிறவர்களுக்கு இது அவமானம்போலத் தோன்றலாம். ஆனால், ஐ.டி. நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே கிடைக்காத பயிற்சி இது. அதுவும் இலவசமாக.

சேர்க்கும்போது இன்னொரு கோப்பில் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் ஏறும். ‘இந்த போர்டின் பராமரிப்பாளர் இவர்’ என்று சொல்லும் கோப்பு அது. பலர் அதை ஒரு கௌரவமாக மட்டும் பார்க்கிறார்கள். அங்கேதான் உண்மையான கடமை தொடங்குகிறது.

தாய்வீட்டிலேயே இடம் இழந்த சிப்

2014இல் சைமன் கிளாஸ் யு-பூட்டுக்கு ‘டிரைவர் மாடல்’ என்ற புதிய அமைப்பைக் கொண்டுவந்தார். அதுவரை ஒவ்வொரு போர்டும் தன் இஷ்டத்துக்கு டிரைவர்களை அழைத்துக்கொண்டிருந்தது. இனி எல்லோரும் ஒரே ஒழுங்குக்குள் வர வேண்டும் என்பது திட்டம். கெடு வைத்தார்கள், நீட்டித்தார்கள், எச்சரித்தார்கள். பராமரிப்பாளர் இருந்த போர்டுகள் மாறின. மின்னஞ்சலுக்குப் பதிலே வராத போர்டுகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன.

இதில் மிகவும் யோசிக்கவைக்கும் சம்பவம் 2017இல் நடந்தது. யு-பூட் எந்தச் சிப்புக்காகப் பிறந்ததோ, அதே 8எக்ஸ்எக்ஸ் சிப் வகையின் ஆதரவே நீக்கப்பட்டது. கவனிக்க ஆள் இல்லை என்பதுதான் காரணம். பிறந்த வீட்டிலேயே இடமில்லாமல் போனது.

கதை அதோடு முடியவில்லை. அந்தச் சிப் கொண்ட போர்டுகளை இன்னமும் பயன்படுத்திவந்த பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்டோஃப் லெராய், அதே ஆண்டிலேயே தேவையான பகுதிகளை மட்டும் சுத்தம் செய்து திரும்பக் கொண்டுவந்தார். தன் போர்டுக்குத் தன்னையே பராமரிப்பாளராக நிறுத்திக்கொண்டார். ஓர் ஆள் கைதூக்கினால் ஒரு சிப் குடும்பமே உயிர் பெறும். ஆள் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய வரலாறு இருந்தாலும் இடம் கிடைக்காது.

சென்னையில் பிறந்த ‘சக்தி’

இதையெல்லாம் நம் ஊர்க் கதையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

ஐஐடி மெட்ராஸின் ரைஸ் ஆய்வகத்தில் பேராசிரியர் வி.காமகோடி தலைமையில் 2014இல் தொடங்கியது ‘சக்தி’ புராசசர் திட்டம். யாருக்கும் உரிமக் கட்டணம் செலுத்தத் தேவையில்லாத ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுப்பின் அடிப்படையில் உருவானது. வடிவமைப்பும் ஓப்பன் சோர்ஸ். 2018இல் அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில் தயாரான சக்தி சிப்பில் லினக்ஸ் ஓடியது. அதே ஆண்டில் சண்டிகரில் உள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டரில் இன்னொன்று தயாரானது. 2020இல் ‘மூஷிக்’ வந்தது.

2025 பிப்ரவரியில் ஐஐடி மெட்ராஸும் இஸ்ரோவும் சேர்ந்து ‘ஐரிஸ்’ என்ற சிப்பை அறிவித்தன. விண்வெளிப் பயன்பாட்டுக்கான கன்ட்ரோலர் அது. சிப் சண்டிகரில் தயாரானது, பேக்கேஜிங் கர்நாடகத்தில், மதர்போர்டுக்கான பிசிபி குஜராத்தில், போர்டில் பாகங்களைப் பொருத்தும் வேலை சென்னையில். அறிவிப்பில் அழுத்திச் சொல்லப்பட்ட சொல் எது தெரியுமா? சிப் வெற்றிகரமாக ‘பூட்’ ஆனது என்பதுதான்! சிப் செய்தவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று.

ரிஸ்க்-ஃபைவ் உலகில் பூட் ஆகும் வரிசையில் ஒரு படி கூடுதல். சிப்பின் மிக உயர்ந்த அதிகாரம் கொண்ட நிலையில் ‘ஓப்பன்எஸ்பிஐ’ என்ற சிறிய ஃபர்ம்வேர் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு அடுத்து யு-பூட், அதன்பிறகு லினக்ஸ். யு-பூட்டில் ரிஸ்க்-ஃபைவ் ஆதரவு 2018இல் நுழைந்தது. தைவானைச் சேர்ந்த ஆண்டெஸ் நிறுவனம் தொடங்கிவைத்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் தொடங்கிய ஓப்பன்எஸ்பிஐ அடுத்த ஆண்டில் பொதுவெளிக்கு வந்தது.

அந்த ஓப்பன்எஸ்பிஐ மெயின்லைனில் சக்தியின் ‘சி-கிளாஸ்’ வகைக்கு இடம் இருக்கிறது. அது எப்படிச் சேர்ந்தது என்பதுதான் இங்கே பாடம். சக்திக்கென்று தனியாக ஒரு பெரிய கோப்புறை போடவில்லை. டைமர், இன்டரப்ட் போன்றவை ரிஸ்க்-ஃபைவ் உலகில் எல்லோரும் பயன்படுத்தும் பொதுவான வடிவத்திலேயே இருந்ததால், ‘ஜெனரிக்’ என்ற பொதுத் தளமே போதுமானதாக இருந்தது. வித்தியாசமாக இருந்தது சீரியல் போர்ட். அதற்கு மட்டும் ஒரு சின்ன டிரைவர்: நிலை ரெஜிஸ்டரைப் பார், இடம் இருந்தால் எழுத்தைப் போடு. மற்றதை டிவைஸ் ட்ரீ பார்த்துக்கொண்டது.

சிப் வடிவமைப்பவர்களுக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. எவ்வளவு பாகங்களைப் பொதுத்தரத்தில் வைக்கிறீர்களோ, அவ்வளவு டிரைவர்கள் எழுதத் தேவையில்லை, பராமரிக்கவும் தேவையில்லை. ‘எல்லாம் எங்கள் சொந்த வடிவமைப்பு’ என்று மார்தட்டிக்கொள்வது மேடைக்கு நன்றாக இருக்கும். பூட்லோடர் எழுதுகிறவருக்கு ஒவ்வொரு ‘சொந்தமும்’ ஒரு புதிய கோப்பு, பத்து வருடப் பொறுப்பு. குப்பனூர்ச் சரிவில் நிற்கும் பெட்டிக்குள் நாளை நம் நாட்டுச் சிப் இருக்க வேண்டும் என்றால், ஃபேப் ஆலைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு துளியாவது, அந்தக் கோப்புகளில் பெயர் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்குச் சம்பளமாகப் போக வேண்டும்.

போர்டே இல்லாமல் தொடங்கலாம்

சேலத்திலோ ஆத்தூரிலோ படிக்கும் ஒரு மாணவர் இதைத் தொட்டுப் பார்க்க நினைத்தால், முதல் நாளே போர்டு வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ‘கியூஎமு’ என்ற இலவச மென்பொருள், வெவ்வேறு புராசசர்களை லேப்டாப்பிலேயே பாவனை செய்து காட்டும். அதில் ரிஸ்க்-ஃபைவ் இயந்திரத்துக்கான யு-பூட் அமைப்பு மெயின்லைனிலேயே தயாராக இருக்கிறது. சோர்ஸ் கோடை இறக்கி, கம்பைல் செய்து, ஓட்டினால் சில நிமிடங்களில் யு-பூட்டின் கட்டளைக் குறி கண்முன் வந்து நிற்கும். ரேம் அளவு அச்சாகும் இடத்தைக் கோடில் தேடிப் பிடித்து, அதற்கு முன் ஒரு வரி சேர்த்துப் பார்ப்பது நல்ல முதல் பயிற்சி.

சக்தியே வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் வெளியான கியூஎமு 6.1 பதிப்பிலிருந்து சக்தி சி-கிளாஸ் இயந்திரமும் அதில் ஒன்று. ஆர்ட்டி ஏ7-100டி என்ற எஃப்பிஜிஏ போர்டில் ஓடும் சக்தியைப் பார்த்துச் செய்யப்பட்டது. அதில் இருப்பவை ஒரே ஒரு கோர், டைமர், இன்டரப்ட் கன்ட்ரோலர், ஒரு சீரியல் போர்ட். டிஸ்க் கிடையாது, நெட்வொர்க் கிடையாது. ஆனால் ஓப்பன்எஸ்பிஐயை ஏற்றி, அதன் முதல் வரி திரையில் வருவதைப் பார்க்க அவ்வளவே போதும்.